ஏரியை இறக்கும் முன் நாள்கணக்குப் போடுங்கள்

படகும் மீன்பிடியும் நடக்கும் ஏரிகளில் ஆண்டுக்கொரு முறை நீர்மட்டத்தை இறக்குவார்கள். வெள்ளத்துக்கு இடம் வேண்டும், படகுத்துறைக் கால்களைப் பழுதுபார்க்க வேண்டும். குளிர்ப் பிரதேசங்களில் உறைபனி துறையைப் பெயர்த்துவிடாமலும் காக்க வேண்டும். எத்தனை அடி இறக்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எத்தனை நாளில் என்று யாரும் கேட்பதில்லை. கரை நிற்பதும் சரிவதும் அதில்தான் இருக்கிறது.

மண்கரைக்கு நாளுக்கு அரையடி போதும். களிமண் என்றால் இன்னும் நிதானம். நிறைந்த ஏரியில் கரைமண் ஊறிக் கிடக்கும். வெளியே நிற்கும் தண்ணீரே அதற்கு முட்டுக்கொடுக்கும். மளமளவென்று இறக்கினால் முட்டு போய்விடும், மண்ணுக்குள் இருக்கும் நீர் வடியாமல் நிற்கும். நீர்ப்பக்கச் சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981-ல் நடந்தது இதுதான்.

ஒரு கனஅடி (விநாடிக்கு) நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி). 200 ஏக்கர் ஏரியை அரையடி இறக்க 100 ஏக்கர்-அடி வெளியேற வேண்டும். அதாவது வரத்தைவிட 50 கனஅடி கூடுதல். வரத்து 20 என்றால் திறப்பு 70. மழையில் வரத்தும் 70 ஆகிவிட்டால் மட்டம் அசையாது. அதைப் பார்த்துப் பதறி இன்னும் திறந்துவிட்டால், மழை விட்டதும் மட்டம் அளவுக்கு மீறி இறங்கும்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்த மதகில் இன்னும் கவனம் வேண்டும். மதகின் கண் (நீர் போகும் திறப்பு) 10 அடி அகலம், பலகை அரையடி உயரம், தண்ணீர் மேல்பலகையின் விளிம்பில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு பலகை எடுத்தால் சுமார் 12 கனஅடி போகும். இரண்டு எடுத்தால் 33. மூன்றுக்கு 60. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு, மறுநாள் அளவுகோலைப் பார்த்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

5 அடி ஆழத்தில் இருக்கும் அதே அளவுப் பலகையை ஏறக்குறைய 700 கிலோ விசை காடியோடு (பலகை முனைகள் இறங்கும் பள்ளம்) அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு முனையை மட்டும் நெம்பினால் சாய்ந்து இறுகிவிடும். இரு முனைக் கொக்கிகளையும் ஒரே சீராகத் தூக்க வேண்டும். திரும்பப் போடும்போது காடியில் சுள்ளியோ கல்லோ இருந்தால் கசியும். ஏரிப்பக்கம் மரத்தூளைக் கொட்டுங்கள், ஓட்டமே அதை இடுக்குக்குள் இழுத்து அடைத்துவிடும்.

அடிமதகை மட்டும் திறப்பது நல்லதல்ல. கோடையில் அடிநீரில் பிராணவாயு இருக்காது, அழுகிய முட்டை நாற்றம் வரும், கீழே ஆற்றில் மீன் சாகும். மேல்நீரையும் கலந்து விடுங்கள்.

நிரப்பும்போது மதகை முழுக்க மூடினால் ஆறு வறண்டுவிடும். வரத்து 20-ல் 5 கனஅடியைக் கீழே விட்டால் மிஞ்சுவது 15. நாளுக்கு 30 ஏக்கர்-அடி. அதே 200 ஏக்கர் ஏரியை 4 அடி நிரப்ப 800 ஏக்கர்-அடி வேண்டும், 27 நாள் ஆகும். மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் முட்டையிடும் வாரங்களில் மட்டம் ஆடவே கூடாது. அந்த வாரங்களுக்கு 40 நாள் முன்பே பலகை போடத் தொடங்கிவிடுங்கள்.