ஜெட்டில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள்: ஆர்டி 350 இரட்டைக் கார்புரேட்டர் ட்யூனிங் அனுபவம்

எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (நடுவில் அகன்ற டூ ஸ்ட்ரோக் எக்ஸாஸ்ட் குழாய்) தனித்தனி பாட் ஃபில்டர்களும் (கார்புரேட்டர் வாயிலேயே மாட்டும் சிறு காற்று வடிகட்டிகள்) பொருத்திய, பழைய இரட்டைச் சிலிண்டர் பைக்கான யமஹா ஆர்டி 350 ஒன்றின் இரண்டு மிக்குனி கார்புரேட்டர்களையும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருபவை) ஒருவழியாக ட்யூன் செய்து முடித்திருக்கிறேன். இதில் ட்யூனிங் என்று சொல்லத்தக்க வேலை சொற்பம். மற்ற நேரமெல்லாம் பிறர் செய்துவைத்த கோளாறுகளைத் தேடிப் பிடிப்பதிலேயே கழிந்தது. விஎம் வகைக் கார்புரேட்டர் (ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஸ்லைடு என்ற பாகம் மேலெழுந்து காற்றுவழியைத் திறக்கும் மிக்குனி வகை) உள்ள டூ ஸ்ட்ரோக் வண்டியை மாற்றியமைத்து ஓட்டுபவர்கள் அதே வழியில் அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கம்பெனி ஏர் பாக்ஸை எடுத்துவிட்டால் இன்ஜின் காற்றை இழுப்பதற்கு இருந்த தடை குறைகிறது. எக்ஸ்பான்ஷன் சேம்பரோ, சிலிண்டரை விட்டு வெளியேறிய கலவையின் ஒரு பகுதியை அழுத்த அலையால் திரும்ப உள்ளே தள்ளுகிறது. எனவே மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் அளவை நிர்ணயிக்கும் துளையிட்ட சிறு திருகு) பெரிதாக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இந்த வேலையை ஏற்றுக்கொண்ட பட்டறையில் பெரிய ஜெட் வாங்கிப் போடுவதற்குப் பதிலாக, இருந்த ஜெட்டுகளின் துளையையே மெல்லிய ட்ரில் பிட்டால் அகலப்படுத்திவிட்டார்கள். கழற்றி பூதக்கண்ணாடியில் பார்த்தபோது துளையின் விளிம்பு பிசிறு பிசிறாக நின்றது, உட்சுவரில் சுருள்கோடாகக் கீறல் ஓடியது. மழமழப்பாக இருக்க வேண்டிய துளையில் இப்படிக் கீறல் விழுந்தால் பெட்ரோல் சீராகப் பாயாது. துளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதும் தெரியாது. அந்த ஜெட்டின் மேல் உள்ள எண் அதன்பின் வெறும் அலங்காரமே.

பிறகு, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து ரிப்பேர் கிட் ஒன்றை வரவழைத்தேன். இரண்டு மெயின் ஜெட்டிலும் ஒரே எண்தான் பொறித்திருந்தது. ஓட்டிப் பார்த்தால் வலப்பக்க பிளக் கரி அப்பிக் கறுத்தும் (பெட்ரோல் மிகுதி), இடப்பக்க பிளக் சுண்ணாம்பாய் வெளுத்தும் (பெட்ரோல் குறைவு) வந்தன. ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம், நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) கிளிப், சோக் ப்ளஞ்சர் முழுதாக அமர்கிறதா என்பது, இரு பக்கப் பாயின்ட் (தீப்பொறியை எழுப்பும் தொடர்பு முனை) இடைவெளி, தீப்பொறி எழும் டைமிங் எல்லாம் சரியாகவே இருந்தன. இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்த சோதனை மிக எளிது: மற்ற எதையும் தொடாமல் இரண்டு மெயின் ஜெட்டுகளை மட்டும் இடம் மாற்றினேன். கறுப்பு இடப்பக்கம் போய்விட்டது, வெளுப்பு வலப்பக்கம் வந்துவிட்டது. ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டை அளவுகோலாகக் கொண்டு பார்த்தபோது, ஒரு ஜெட்டில் தாராளமாக நுழைந்த தண்டு மற்றதன் வாயிலேயே நின்றுவிட்டது. விற்பனையாளருக்குப் படம் எடுத்து அனுப்பியும், எண் சரியாகத்தானே இருக்கிறது என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கலவை லீனாகிப் போனால் (பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால்) பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும்), சில சமயம் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும் என்பது தெரிந்தும் இப்படி ஒரு பொருளை விற்பவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

அசல் மிக்குனி ஜெட் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுகோணத் தலை ஜெட்டின் எண், அதன்வழி நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்கிறது என்பதைக் குறிக்கிறது; வட்டத் தலை ஜெட்டின் எண்ணோ துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. எண் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே அளவு ஆகிவிடாது.

அசல் ஜெட் போட்டதும் இரு பிளக்கும் ஒத்துவந்தன. ஆனால் ஐடிலிங் நிலைக்கவில்லை: ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் மேலேயே தொங்கியது, இடப்பக்க ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையின் காற்றைச் சரிசெய்யும் திருகு) உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் இன்ஜின் பொருட்படுத்தவே இல்லை. பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்கான சிறு ஜெட்) இரண்டு எண் ஏற்றிவிடுங்கள் என்று பட்டறையில் அடித்துச் சொன்னார்கள். ஏர் ஸ்க்ரூ வேலை செய்யவில்லை என்றால் காற்று வேறு வழியாக நுழைகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைப் பெரிய ஜெட்டால் மறைப்பது நோயை மூடிவைப்பதாகும். இன்டேக் ரப்பர்களில் விரிசல் இல்லை. எனவே எக்ஸாஸ்ட் துளையையும் இன்டேக்கையும் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ வரை காற்றேற்றி அழுத்தமானியைக் கவனித்தேன். நல்ல இன்ஜின் இந்த அழுத்தத்தைச் சில நிமிடங்களாவது பெரும்பாலும் இழக்காமல் தாங்கும். இதுவோ கண்ணெதிரே இறங்கியது. சோப்பு நீரைத் தடவிக்கொண்டே போனபோது, இடப்பக்க ஜெனரேட்டருக்குப் பின்னால், கிராங்க் தண்டைச் சுற்றி, சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக்கொண்டு வந்தன. கிராங்க் சீல் (அந்தத் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) காய்ந்து இறுகிப்போயிருந்தது. இடப்பக்கச் சீல் கெட்டால் வெளிக்காற்றுதான் உள்ளே வரும் என்பதால் புகையோ எண்ணெய்க் கசிவோ காட்டிக்கொடுக்காது; வலப்பக்கச் சீல் கெட்டால் கியர்பாக்ஸ் ஆயில் இழுக்கப்பட்டு வெண்புகை வரும். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியென்றால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்ற வேண்டாம். நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

சீல் மாற்றிய பின் மற்றவை தடையின்றி நடந்தன. ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் எனக் குறித்துக்கொண்டேன். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று இப்படிக் குறித்தால்தான் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தெரியும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட், காலுக்கும் முக்காலுக்கும் இடையே நீடில், அதற்குக் கீழே ஸ்லைடின் வெட்டு (அதன் அடிவிளிம்பில் உள்ள சாய்வான வெட்டு), ஐடிலிங்கில் பைலட்டும் ஏர் ஸ்க்ரூவும். பிஸ்டன் பறிபோவது பெரும்பாலும் முழுத் திறப்பில் என்பதால் மெயின் ஜெட்டிலிருந்தே தொடங்கினேன்: வேண்டுமென்றே பெரிய ஜெட் போட்டு, மேல் ஆர்பிஎம்மில் இன்ஜின் விட்டுவிட்டு ஒலிப்பது நிற்கும்வரை ஒவ்வொரு எண்ணாக இறங்கினேன். ஒவ்வொரு முறையும் புதிய பிளக், முழுத் திறப்பில் ஓட்டம், கிளட்சைப் பிடித்தவாறே சாவியை அணைப்பு. பிளக் நுனியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைப் பீங்கான் உள்ளே போய்ச் சேரும் அடிப்பகுதியில் படியும் புகை வளையமே இன்றைய பெட்ரோலில் நம்பத்தக்கது.

இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழும்படி கேபிளைச் சரிசெய்தபோது, ஆக்சிலரேட்டரின் ஒவ்வொரு அசைவுக்கும் இரு சிலிண்டர்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தணிந்தன. இடப்பக்க ஏர் ஸ்க்ரூவும் ஒழுங்காகச் சொல்பேச்சுக் கேட்டது. நடு ஆர்பிஎம்மைத் தாண்டியதும் சேம்பர் விழித்துக்கொள்ளும் அந்த இழுப்பு, இப்போது இடறலே இல்லாமல் வருகிறது.

நண்பகல் வெயிலில் ட்யூன் செய்தவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: விடியற்காலைக் குளிர்காற்று அடர்த்தியானது, அதே ஜெட் அப்போது லீனாகிவிடும். அதனால் கணக்குக்குச் சரியாக வந்த எண்ணைவிட ஒரு எண் பெரிய மெயின் ஜெட்டையே வண்டியில் விட்டிருக்கிறேன். எட்டில் ஒரு பங்கு திறப்பில் மட்டும் லேசான தயக்கம் மீதியிருக்கிறது. அதற்குக் குறைந்த வெட்டு எண்ணுள்ள ஸ்லைடு வேண்டும். அசல் ஸ்லைடு கிடைக்கும்வரை அதை அப்படியே விட்டுவைக்கப் போகிறேன், ஏற்கெனவே இருப்பதை அரத்தால் ராவ யாரையும் அனுமதிப்பதாக இல்லை.