குறிஞ்சி ஆண்டவரிடம் நடந்தே போவதாக வேண்டிக்கொண்டேன்

பேரன் டெங்குக் காய்ச்சலில் கிடந்த இரவுகளில்தான் அந்த வேண்டுதலைச் செய்தேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டால், கும்பக்கரை அருவியிலிருந்து பழைய காட்டுப்பாதை வழியே கோடைக்கானலுக்கு நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன், குறிஞ்சி ஆண்டவா, முருகா என்று. பெரியகுளத்தில் பிறந்தவள் நான். ஐம்பத்து நான்கு வருடங்களாக அந்த மலையைப் பார்த்தே வாழ்ந்தும் ஒருமுறைகூட நடந்து ஏறியதில்லை.

தை மாதம், வனத்துறை அனுமதி பெற்று, உறவும் அக்கம்பக்கமுமாகப் பதினொரு பேர் கிளம்பினோம். அருவியைத் தாண்டியதுமே ஏற்றம் தொடங்கிவிடுகிறது. "அரோகரா" என்று ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னோம். வெயில் ஏற ஏற அந்தப் பதிலும் மெலிந்தது.

வெள்ளகவி ஊருக்குச் சற்று முன்னால், சருகு மூடிய கல் ஒன்றில் கால் வைத்தேன். கல் புரண்டது. கணுக்கால் உள்பக்கமாக மடங்க, உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல் விழுந்தது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்று பெரியப்பா மகன் காலைப் பிடிக்க வந்தார். நர்ஸாக இருக்கும் என் தம்பி மனைவி விடவில்லை. "எலும்பாக இருந்தால் என்ன செய்வீர்கள், அண்ணா?" என்று கேட்டபடியே இரண்டு குச்சிகளை இருபுறமும் வைத்துத் துண்டால் கட்டினாள். அவள் மட்டும் அன்று எங்களோடு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இருவர் தோளைப் பற்றி ஒற்றைக்காலில் தத்தித் தத்தி ஊர் எல்லையை அடைந்தேன்.

வெள்ளகவியில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வீடுகளுக்கு இடையிடையே கோயில்கள். ஊரே சாமி இருக்கும் இடம் என்பது அவர்கள் எண்ணம். எங்களில் எல்லோரும் ஷூக்களைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் வீங்கிய காலோடு குனிந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இருக்கட்டும் தாயி, உன் கால்தான் தரையில் படப்போவதில்லையே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கயிற்றை முழுவதும் அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன். வலியில் கண் இருட்டியது. அந்த வாசலை வெறுங்காலோடுதான் கடந்தேன்.

அவர் சொன்னதன் பொருள் சிறிது நேரத்தில் புரிந்தது. கம்பில் கம்பளியைக் கட்டித் தொட்டில் செய்துகொண்டிருந்தார்கள். டோலி. நாங்கள் போனபோது இந்த ஊருக்கு வண்டிச் சாலை கிடையாது. பிரசவ வலி கண்ட பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் இப்படித்தான் காலங்காலமாகத் தூக்கிப் போனார்கள். சாலை கேட்டு அவர்கள் மனுக் கொடுக்காத நாளில்லை என்று பெரியவர் சொன்னார். அந்தக் கோரிக்கையின் நியாயத்தைக் கம்பளிக்குள் படுத்துக்கிடந்துதான் நான் உணர்ந்தேன்.

கீழே இறக்கவா, மேலே ஏற்றவா என்று கேட்டார்கள். மேலே என்றேன். நடந்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சுமையாகப் போகிறோமே என்று அழுகை வந்தது. படுத்தபடி பார்த்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் சுமந்தவரின் பாதங்கள்தான். செருப்பில்லாத, விரல்கள் அகன்று விரிந்த பாதங்கள். என்னைக் கவிழ்த்த அதே மாதிரிக் கற்களில் அவை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மூச்சு இரைக்கும்போதெல்லாம் தோள் மாற்றிக்கொண்டார்கள். மொத்தம் ஆறு பேர். காப்பித் தோட்டங்களைக் கடந்து, சோலைக் குளிர் முகத்தில் பட்டபோது கோடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் வந்துவிட்டது. டீ குடித்தார்கள், கூலி வாங்கிக்கொண்டார்கள், இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று திரும்பி இறங்கிவிட்டார்கள்.

கோடைக்கானலில் எக்ஸ்ரே எடுத்தபோது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் கீறல் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள்.

மறுநாள் காலை என்னைக் காரில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய கோயில் இது. வேற்று நாட்டில் பிறந்து சைவத்தைத் தழுவிய பெண் அவர். எங்கிருந்தோ வந்தவரை முருகன் இந்த உச்சிக்கு அழைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும். 2018-இல் சுற்றிலும் குறிஞ்சி பூத்திருந்தபோது பஸ்ஸில் வந்து இதே வாசலில் நின்றிருக்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதால் இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். இந்த முறை பூ இல்லை. மூட்டம் இல்லாத வானம் மட்டும் இருந்தது. தொலைவில் சமவெளியில் பழனி மலை சிறு மேடாகத் தெரிந்தது. அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சந்நிதிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பேரன் பெயருக்கு அர்ச்சனை ஆயிற்று. இன்னொரு அர்ச்சனைச் சீட்டும் வாங்கியிருந்தேன். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. நான்கு மணி நேரம் என்னைச் சுமந்த ஆறு பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளகவி ஊராருக்கு, சாமி" என்றேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.