தவில் காருக்குள் ஏறிய கதை

நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு, காரின் திரை மூலையில், பாட்டு பதிவாகிறது என்று காட்டி மினுங்கிக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளி, சீடியின் ஒன்பதாவது உருப்படியையும் தாண்டி அணைந்தது. மூன்று கிழமையாக என்னைப் பேய்க்காட்டிய இறுவெட்டு ஒருவழியாகக் காரின் ஹாட் டிஸ்க்குக்குள் ஏறிவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் இதன் அருமை விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

கார் 2010ஆம் ஆண்டு யப்பான் ரீகண்டிஷன், ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இதை மாற்றும் எண்ணத்தை விட்டேன். 2025இல் திரும்பத் திறந்தார்கள், விலையைக் கேட்டேன், விட்ட எண்ணம் விட்டபடியே இருக்கிறது. உள்ளே இருக்கும் நவி, அதாவது வழிகாட்டியும் பாட்டுப்பெட்டியும் சேர்ந்த திரைப்பெட்டி, அதன் வரைபடம் யப்பானைத் தாண்டாது, றேடியோ 90ஐத் தாண்டாது. அங்கே எஃப்எம் 76இல் தொடங்குகிறது. நாங்கள் கேட்கும் தமிழ் வானொலிகளோ மேலே இருக்கின்றன. மேலே உள்ள அலைவரிசைகளைக் கீழே இறக்கித் தரும், ஏரியல் வயரில் செருகும் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிப்பவர் மழைக்குள் நின்று வாசிப்பது போல இருந்தது, கழற்றிவிட்டேன். யூஎஸ்பி துளை கிடையாது. ஆக, உருப்படியாக மிஞ்சியது சீடியைப் போட்டால் அதன் பாட்டுகளைத் தன் ஹாட் டிஸ்க்கில் பதிந்துவைத்துக்கொள்ளும் அந்த வசதி ஒன்றுதான்.

அதற்கும் ஓடியோ சீடிதான் வேண்டும். எம்பி3 தட்டைப் போட்டால் பாடும், பதியாது. ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக் கொம்பியூட்டரில் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கடவுச்சொல்லோடு பூட்டிக் கிடக்கும். எனவே முன்வாசலால்தான் போகவேண்டும்: தட்டு, பதிவுப் பொத்தான், பொறுமை. என்னுடையது நான்கு மடங்கு வேகத்தில் பதிகிறது, 74 நிமிடத் தட்டுக்குப் பதினெட்டரை நிமிடம். ஓடிக்கொண்டும் பதியலாம்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையின் பள்ளங்களுக்கு லென்ஸ் துள்ளுகிறது. நான்கு மடங்கில் படிக்கும்போது திரும்பிப் போய்ப் பார்க்க அதற்கு நேரம் இல்லை. ஆகவே மாமரத்தின் கீழ் நிறுத்திவைத்துத்தான் பதிகிறேன். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியாமல், சும்மா அக்செசரியில் விட்டு நான்கு தட்டு ஏற்றிய நாளில் 12 வோல்ட் பற்றரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு வானிலிருந்து வயர் கொடுத்து எழுப்பினேன். மணிக்கூடு தலைகீழாகப் போனது, பாட்டுகள் அப்படியே இருந்தன.

பத்துத் தட்டு இப்படி ஏறியது. பதினோராவதுதான் வில்லன்.

அது அப்பாவின் தட்டு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் உள்ள பழைய கச்சேரிப் பதிவு. அவர் காலமானது 1975இல், ஆகவே ரேப்பிலிருந்து கசெற், கசெற்றிலிருந்து சீடி என்று கைமாறி வந்த சரக்கு. விற்ற கடைக்காரர் மேலே வட்டமாகக் கடதாசி ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தார். நவியின் வாய் ஒரு கீறல்தான், தட்டத்தில் வைத்து மூடும் வகை அல்ல. மத்தியான வெயிலில் கார் சூடேற, ஸ்ரிக்கரின் ஓரம் கிளம்பி, வெளியே வரும்போது உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டது. பாதித் தட்டு வெளியே, பாதி உள்ளே. திறப்புப் பொத்தானை அமத்த அமத்த மோட்டார் முனகியது. கடைசியில் எக்ஸ்ரே பிலிமில் ஒரு துண்டை வெட்டி மேலால் சொருகி, ஸ்ரிக்கரை அமத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். மூளை கெட்டுப்போய் ஸ்ரிக்கரை உரித்தேன். சீடியில் பாட்டு இருப்பது அடியில் அல்ல, எழுத்து அச்சடிக்கும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழே. அடிப்பக்கம் கீறினால் மினுக்கி எடுக்கலாம், 1.2 மில்லிமீற்றர் தடித்த பிளாஸ்ரிக். மேல்பக்கம் போனால் போனதுதான். தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெளி ஓரத்துப் பக்கமாக மூன்று ஊசி ஓட்டைகள் தெரிந்தன. ஏழாவது உருப்படி சரியாக அங்கே. வீட்டு சிடி பிளேயர் லேசாக விக்கிவிட்டுப் போகிறது, ஏனென்றால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் வரையான ஓட்டையைப் பிழைதிருத்தமே நிரப்பிவிடும். கார் அப்படி இல்லை. ஏழாவது உருப்படியில் நாலாவது நிமிடம் வந்ததும் நின்றுவிடும். மேலே யப்பான் எழுத்தில் ஏதோ மன்னிப்புக் கேட்கும்.

சரி, கொம்பியூட்டரில் படித்து நகல் எடுப்போம் என்று இறங்கினேன். சீடியைப் பிழையில்லாமல் படித்தெடுக்கும் மென்பொருளான எக்சாக்ட் ஓடியோ கொப்பியைப் பிடித்தேன். சந்தேகமான இடத்தை 80 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் படிக்கும் அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம். அந்த ஒரு உருப்படிக்கு இரவு முழுக்க ஓடியது. விடிய எழும்பிப் பார்த்தால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கைவிரித்திருந்தது. கேட்டுப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் அதை வெறும் தட்டில் எரிப்பது. முதல் நகலை 48 மடங்கு வேகத்தில் எரித்தேன், ஐந்தாவதிலேயே நின்றது. பழைய லென்ஸுக்கு அவசரமாக எரித்த தட்டுப் பிடிக்காது என்பது தெரிந்தும் அவசரப்பட்டேன். இரண்டாவதற்கு வீட்டில் கிடந்த, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டைப் போட்டேன். வாங்கி, ஒருமுறை சுழற்றி, வெளியே துப்பியது. அதன் பிரதிபலிப்பு சாதாரண சீடியில் மூன்றில் ஒன்றுகூட வராது, துப்பாமல் என்ன செய்யும். மூன்றாவது 16 மடங்கில் எரித்தது, முழுக்கப் படித்தது, ஆனால் ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் இரண்டு விநாடி வெறுமை. ஒவ்வொரு உருப்படியாக நிறுத்தி நிறுத்தி எரிக்கும் ட்ராக்-அட்-வன்ஸில் விட்டிருக்கிறேன். நாலாவதை, முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எரிக்கும் டிஸ்க்-அட்-வன்ஸில், 16 மடங்கில் எரித்து, லென்ஸையும் தூரிகை வைத்த துப்புரவுத் தட்டால் துடைத்துவிட்டுப் போட்டேன். அதுதான் நேற்றைய சிவப்புப் புள்ளி.

வெறும் சீடி-ஆர் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு கடையில் பழைய கட்டு ஒன்று தூசியோடு இருந்தது, முழுக்க வாங்கிவந்தேன். அப்படியே, பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இதே நவி கழற்றியது ஏதும் கிடக்கிறதா என்று தேடினேன். ஹாட் டிஸ்க் ஒருநாள் பழுதாகும், அதற்குள் மாற்று ஒன்று கையில் இருந்தால் நல்லது. ஒன்று கிடந்தது, விலையைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டுகளுக்குப் பெயர்கள் இன்னும் போடவில்லை. நவிக்குள் இருக்கும், சீடிகளின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் கிரேஸ்நோட் பட்டியல் தட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, உருப்படிகளின் நீளங்களை வைத்து ஆளைப் பிடிக்கிறது. இரண்டே உருப்படி உள்ள என் நாதஸ்வரத் தட்டு ஒன்றை ஏதோ யப்பான் பாடகியின் தட்டு என்று அடித்துச் சொல்கிறது. நகல் எடுத்துப் போட்டாலும் அதே பாடகிதான், நீளம் மாறவில்லையே. தமிழில் பெயர் அடிக்க வழியில்லை; ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகக் குத்தவேண்டும். அது மழைக்கால வேலை.

இரவு அப்பாவை முன் சீற்றில் இருத்திப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குத் தனியாவர்த்தனம் தொடர்ந்து போகிற இடம், கை நின்றுவிட்டது.

“தவில் நல்லாத்தான் கேக்குது தம்பி. ஏன் இதில ஒருக்கா மூச்சுப் பிடிச்சு விடுது?”

நவி ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனிக் கோப்பாகச் சுருக்குகிறது, பொருத்தில் கால் விநாடி விழுகிறது. ஒன்பதையும் ஒட்டி ஒரே உருப்படியாக எரித்தால் அது போய்விடும். வாங்கிவந்த சீடிக் கட்டுக்குள் இன்னும் முப்பத்தொரு தட்டு இருக்கிறது.