திரிபோஷ வாங்கப் போன நேரத்தில்

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டம் என்றதும் மரம் செடியைத் தேட வேண்டாம். கொழும்பில் அது சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை. ஒரு வீட்டில் அடி விழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கர்ப்பத்தின் ஐந்தாம் மாத கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என் கணவரைத் திரிபோஷ என்கிற சத்துமா வாங்கி வர அனுப்பிவிட்டு, கையில் என்ன காயம் என்று கேட்டார். கதவில் இடித்தது என்றேன். தலையாட்டினார். அடுத்த வாரம் கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

அன்றும் வாய் திறக்கப் பயம். சொன்னால் பிறந்ததும் பிள்ளையை, சிறுவர் விஷயங்களைப் பார்க்கிற அரசாங்க நன்னடத்தைக்காரர் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வைத்திருந்தார். மிஸ்ஸிடம் அதையே கேட்டேன். “பிள்ளை உங்களோட இருக்கிறதுக்குத்தானே தங்கச்சி நான் வாறன்” என்றார். அப்புறம்தான் எல்லாம் சொன்னேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் மிதுரு பியசவுக்கு அனுப்பினார். வீட்டில் அடிபடுகிறவர்களுக்கான இடம். விட்டு வா என்று அங்கே அவசரப்படுத்தவில்லை. இரவில் ஓட வேண்டி வந்தால் எங்கே போவாய் என்றுதான் கேட்டார்கள். அடையாள அட்டை, கர்ப்பிணி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வத்தளையில் மாமி வீட்டில் வைத்தேன். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் மனப்பாடம் செய்தேன்.

ஏழாம் மாதம் கணவர் என் வயிற்றில் உதைத்தார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

பொலிஸில்தான் பெரிய பாடு. குடும்பச் சண்டைதானே, சமாதானமாகப் போங்கள் என்றார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மாமியின் மகன் வாசித்துப் பார்த்தான். உதைத்தார் என்று நான் சொன்னது, தள்ளினார் என்று எழுதப்பட்டிருந்தது. திருத்தி எழுதும்வரை கையெழுத்துப் போடாமல் இரண்டு மணி நேரம் பெஞ்சிலேயே இருந்தேன், அந்த வயிற்றோடு.

கோர்ட்டில் காரியம் வேகமாக நடந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்குள் விசாரணை, பிறகு 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை. கணவர் கவுன்சலிங் போயே ஆக வேண்டும் என்றும் நீதவான் சொன்னார்.

மகளுக்கு இப்போது நான்கு மாதம். மாமி வீட்டில் இருக்கிறோம். கணவர் மூன்று தடவை கவுன்சலிங் போனார், நான்காவது தடவை போகவில்லையாம். அடுத்த வழக்குத் தவணைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.