பிட்யூட்டரி கட்டிக்கு முதல் சிகிச்சையே ரேடியோசர்ஜரி என்றால்: அந்த ஒரு நாளும் அடுத்த சில வருடங்களும்

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும், ஹார்மோன் சுரக்கும் கட்டிக்கு, அறுவை செய்யாமல் நேரே ரேடியோசர்ஜரிக்கு, அதாவது கட்டியைக் குறிவைத்து ஒரே நாளில் கதிர் பாய்ச்சும் சிகிச்சைக்கு, போகிறவர்கள் குறைவு. போகிறவர்கள் பெரும்பாலும் கதிர் பாயும் நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்த நாள் சுலபம். அதற்கு முன் எடுக்கும் முடிவும் பின்னால் வரும் காத்திருப்பும்தான் கடினம்.

அக்ரோமெகலிக்கும் (வளர்ச்சி ஹார்மோன் மிகுவது) குஷிங் நோய்க்கும் (கார்ட்டிசால் என்ற அட்ரீனல் ஹார்மோன் மிகுவது) மூக்கு வழியாகக் கட்டியை எடுப்பதுதான் வழக்கமான முதல் சிகிச்சை. கட்டி முழுதாக வந்துவிட்டால் ஹார்மோன் சில நாட்களிலேயே இறங்கிவிடும். கதிருக்கு அந்த வேகம் கிடையாது. புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியான புரோலாக்டினோமாவுக்கு முதலில் கேபர்கோலின் மாத்திரை. அப்படியானால் ரேடியோசர்ஜரி எப்போது முந்துகிறது? இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காது என்னும்போது. கட்டியின் பெரும்பகுதி பிட்யூட்டரிக்குப் பக்கவாட்டில் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறைக்குள் புகுந்து, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது. எல்லாம் தெரிந்தும் ஒருவர் அறுவை வேண்டாம் என்று சொல்லும்போது. கட்டி பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால் இந்த வழி பொருந்தாது. அழுத்தம் உடனே குறைய வேண்டும், கதிரோ மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அறுவை இல்லையென்றால் திசுப் பரிசோதனையும் இல்லை. நோயின் பெயரை ரத்தப் பரிசோதனைகளே உறுதி செய்தாக வேண்டும். குஷிங்கில் இது மிக முக்கியம். எம்.ஆர்.ஐ.யில் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக ஏதோ தெரிகிறது என்றால், அது நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புள்ளியாகவும் இருக்கலாம். பிட்யூட்டரியின் ரத்தம் வடியும் பெட்ரோசல் சைனஸ் என்ற சிரையில் ரத்தம் எடுத்து, கார்ட்டிசாலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைப் பார்க்கும் வரை தேதி குறிக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் கட்டியே தெரியவில்லை என்றால் குறி வைக்க இடமில்லை.

அடுத்து இடைவெளி. ஹார்மோன் சுரக்காத கட்டிக்கு விளிம்பில் 12 முதல் 16 கிரே (கதிரை அளக்கும் அலகு) போதும்; சுரக்கும் கட்டிக்குப் பொதுவாக 20 முதல் 25 கிரே தேவை. பார்வை நரம்புச் சந்திப்புக்கோ 8 முதல் 10 கிரேக்கு மேல் போகக் கூடாது. அதனால் கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் வேண்டும். 5 இருந்தால் நிம்மதி. "எத்தனை மில்லிமீட்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இடைவெளி போதாதென்றால், தினமும் 1.8 கிரே வீதம் ஐந்தாறு வாரம் பிரித்துத் தரும் கதிர்சிகிச்சைதான் பாதுகாப்பு.

ஆக்ட்ரியோடைடு, கேபர்கோலின் போன்ற, ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகளைக் கதிருக்கு முன் சில வாரம் நிறுத்தச் சொல்லும் மையங்கள் உண்டு. மருந்தால் அடங்கிக் கிடக்கும் செல்லைக் கதிர் சரியாகத் தாக்குவதில்லை என்ற சந்தேகமே காரணம். ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் கேட்காமலும் விடாதீர்கள். நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி என்றால், கடைசி ஊசியின் தேதியைப் பல வாரம் முன்பே திட்டமிட வேண்டும்.

ரேடியோசர்ஜரிக் கருவிகளில் ஒன்றான காமா நைஃப் என்றால், அந்த நாளன்று முதலில் தலையை அசையாமல் பிடிக்கும் சட்டம். முடியை மழிப்பதில்லை. நெற்றியில் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடத்தில் மரத்துப்போகும் ஊசி, எரிச்சல் அதில்தான். திருகு முடுக்கியதும் தலையை இறுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும், சில நிமிடத்தில் பழகும். அக்ரோமெகலியில் தலை பெரிதாக இருப்பதால், கருவிக்குள் சட்டம் இடிக்குமா என்று முன்பே அளந்து பார்ப்பது நல்லது. பிறகு மெல்லிய அடுக்குகளாக எம்.ஆர்.ஐ., திட்டமிடல், கதிர். கதிர் படுவதே தெரியாது. கருவியில் உள்ள கோபால்ட்-60 சுமார் 5.3 வருடத்தில் பாதியாகும் என்பதால், மூலம் பழையதானால் அதே அளவு கதிர் கிடைக்கக் கூடுதல் நேரம் படுக்க வேண்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

இனிதான் நெடும்பயணம். ஹார்மோன் இறங்க மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும். குஷிங்கில் சற்று முன்னதாக, அக்ரோமெகலியில் 2 முதல் 5 வருடம்கூட. அதுவரை மருந்து தொடரும். மருந்தோடு எடுத்த பரிசோதனை நன்றாக இருந்தால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம். கதிர் பலித்ததா என்று பார்க்க, மருத்துவர் சொல்லும் காலம் மருந்தை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பெக்விசோமன்ட் ஊசி போடுகிறவர்களுக்கு அந்த ஹார்மோன் அளவு கூடித்தான் இருக்கும், அது தூண்டிச் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 மட்டுமே பேசும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால் ரத்தக் கார்ட்டிசால் பொய்யாக உயர்ந்து தெரியும்.

மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்கள் குறைந்துபோவதுதான் அதிகம் காணும் பின்விளைவு; ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வரும், அதன் பிறகும் வரலாம். நெஞ்சு பதறவைக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது: தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் பார்த்து "தைராய்டு நார்மல்" என்று அனுப்பிவிடுவது. பிட்யூட்டரியே பழுதானபோது டி.எஸ்.எச். நம்பத்தக்கதல்ல, தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 கட்டாயம் வேண்டும். தைராய்டு ஹார்மோன், கார்ட்டிசால் இரண்டும் குறைந்திருந்தால் முதலில் கார்ட்டிசால் மாத்திரை, பிறகே தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை; வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. கார்ட்டிசால் மாத்திரையில் இருப்பவருக்கு வாந்தியால் மருந்து தங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பெரியவருக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையிலோ பர்சிலோ எப்போதும் இருக்கட்டும்.