டார்ட்டன் கட்டமும் மருதமுனைச் சாரனும்

இலங்கையின் மருதமுனையில் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை என்பதால் கட்டம் போட்ட துணியைக் கண்டால் நூல் எண்ணாமல் என்னால் நகர முடியாது. கல்முனை உடுப்புக் கடைகளில் தொங்கும் 'ஸ்கொட்டிஷ் செக்' சேர்ட்டுகளையும் விடுவதில்லை.

அந்த ஸ்கொட்லாந்துக் கட்டத்துக்குப் பெயர் டார்ட்டன். அதில் பெரும்பாலும் பாவில் (நீள நூலில்) ஓடுகிற நிற வரிசைதான் ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) ஓடும். சிவப்பின் மேல் சிவப்பு விழுந்தால் முழுச் சிவப்பு. பச்சை விழுந்தால் இரண்டும் கலந்த இன்னொரு நிறம். இப்படியே ஆறு நிற நூலில் 21 நிறம் எடுத்துவிடலாம். ஊடை இரண்டு நூலுக்கு மேலே, இரண்டு நூலுக்குக் கீழே என்று போய், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளி விழும். அதனால் கலந்த இடமெல்லாம் சாய்ந்த கோடாகத் தெரியும். எங்கள் சாரன், அதாவது இடுப்பில் உடுக்கும் கைலி, ஒன்றுவிட்டு ஒன்று நெய்வது. அதில் கலவை பொடிப் புள்ளிகளாக நிற்கும். எனக்கு அந்தப் புள்ளிதான் அழகு.

ஸ்கொட்லாந்தில் குலத்துக்கொரு டார்ட்டன் ஆதிகாலம் தொட்டே இருந்ததாகப் பலர் நம்புகிறார்கள். கட்டத் துணி பழசுதான். அங்கே ஃபோல்கேர்க் ஊர் அருகே ரோம நாணயப் பானையோடு கிடைத்த துண்டு 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குலப் பெயர்கள்தான் மிகப் பிந்தியவை. 1746இல் ஸ்டுவர்ட் வம்சத்துக்காகப் போராடியவர்கள் கலோடனில் தோற்றார்கள். அதன்பின் ஸ்கொட்லாந்து மலைநாடான ஹைலண்டின் டார்ட்டன் உடை போடும் ஆணுக்கு ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை இந்தத் தடை இருந்தது. பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. பட்டாளம் போன நாடெல்லாம் டார்ட்டனும் போனது.

அந்தப் பட்டாளங்களுக்கு நெய்து கொடுத்தவர்கள் பனொக்பேர்ன் ஊர் வில்சன் குடும்பத்தார். அவர்களுடைய 1819 மாதிரிப் புத்தகத்தில் எந்த நிறம் எத்தனை நூல் என்பது எழுதப்பட்டிருக்கிறது. பல கட்டங்களுக்கு வெறும் இலக்கம்தான் பெயர். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் மன்னர் உட்பட எல்லாரும் டார்ட்டனில் நின்றார்கள். அதற்குப் பிறகு 'எங்கள் குலத்துக்கு எது?' என்று கேட்டு வந்தவர்களுக்கு வியாபாரிகள் பெயர் சூட்டி விற்றார்கள். இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கு ஒன்று, ஜப்பான் பள்ளிச் சீருடையில் ஒன்று. 1969இல் விண்வெளி வீரர் அலன் பீன் சந்திரனுக்கே ஒரு துண்டு கொண்டுபோனார். 2009 முதல் ஸ்கொட்லாந்து அரசே டார்ட்டன் பதிவேடு நடத்துகிறது.

பெயர் எப்படி வந்தால் என்ன, எழுதி வைத்தார்களே! அதுதான் பெரிய காரியம். ஸ்கொட்லாந்துத் தீவுப் பெண்கள் ஒவ்வொரு கோட்டின் நூல் எண்ணிக்கையையும் ஒரு மரத்துண்டில் குறித்து வைத்திருந்ததாக 1703இலேயே மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார்.

என் வாப்பாவிடம் மரத்துண்டும் இல்லை, புத்தகமும் இல்லை. பாவு ஓடும்போது உதடு மட்டும் அசையும், முழு வரிசையும் மனசுக்குள். அவர் மௌத்தானதோடு எத்தனையோ கட்டங்கள் போய்விட்டன. 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத் தறிகளும் போயின. மருதமுனைச் சாரனை நாடு முழுக்க உடுக்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்.

நான் ஒரு கொப்பியில் தொடங்கிவிட்டேன். வீட்டில் பழைய மருதமுனைச் சாரன் இருந்தால் அடுப்படித் துணியாக்கி விடாதீர்கள். கரையிலிருந்து தொடங்கி நிறத்தையும் நூல் எண்ணிக்கையையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். நெய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.