காற்று பார்த்து வழி: அயர்லாந்துக் கரையோர சைக்கிள் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, வெஸ்ட்போர்ட்

அயர்லாந்தின் மேற்கே மேயோ கரையில் சைக்கிள் எடுப்பவர் வரைபடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது காற்றுத் திசை. பெரும்பாலான நாட்களில் இங்கே தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ அடிக்கும். கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே என்ற சைக்கிள் பாதை 42 கி.மீ.; வெஸ்ட்போர்ட்டில் தொடங்கி நியூபோர்ட், முல்ரனி வழியாக அக்கில் தீவின் வாசலில் முடிகிறது. நியூபோர்ட் வரை வடக்கு, அதற்குப் பிறகு மேற்கு. வெஸ்ட்போர்ட்டிலிருந்து கிளம்பினால் பின்பாதி முழுக்கக் காற்று மூஞ்சியில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறீர்கள், எதிரே 30 கி.மீ. காற்று. உடம்பில் மோதுவது 50 கி.மீ. காற்று. காற்றுத் தடை, வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், காற்றில்லாத நாளைவிட ஆறு மடங்குக்கு மேல். மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு, எதிர்காற்றுக்கு அது கிடையாது. வாடகை சைக்கிள் கடைகள் வேனில் ஏற்றி அக்கிலில் இறக்கிவிடுவது சோம்பேறிகளுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, திசை தெரிந்தவர்கள் கேட்டு வாங்கும் சேவை அது.

அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரனின் தளத்தில், கடல் அறிக்கையில் காற்றின் பலம் பியூஃபோர்ட் அளவுகோலின் எண்ணில் வரும். 4 என்றால் மணிக்கு 20 முதல் 28 கி.மீ.; 5 என்றால் 29 முதல் 38; 6 என்றால் 39 முதல் 49. கிரீன்வேக்கு 5 வரை பரவாயில்லை. 6 என்று போட்டிருந்தால் தீவுக்குள்ளிருக்கும் மலைச்சாலைகளைத் தொட வேண்டாம்.

டப்ளினிலிருந்து ரயிலில் சைக்கிள் கொண்டு வருவோர் டிக்கெட்டுடன் சைக்கிளுக்கும் இடம் பதிய வேண்டும். ஒரு வண்டியில் மிகச் சில இடங்கள்தான்.

செப்டம்பர் 9, அக்கில் சவுண்ட் – வெஸ்ட்போர்ட்

மேற்குக் காற்று, 4. சரியான நாள், சரியான திசை.

இது பழைய ரயில் பாதை. 1895-இல் அக்கில் வரை வந்தது, 1937-இல் மூடப்பட்டது. ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் மெதுவாகத்தான் வரும். ஆனால் தட்டை என்று நம்பி வருபவர்கள் நியூபோர்ட்டுக்கும் வெஸ்ட்போர்ட்டுக்கும் இடையே ஏமாந்துபோவார்கள்; அங்கே சின்னச் சின்ன மேடுகள் அடுத்தடுத்து வரும். களைத்த காலுக்கு அது கடைசியில் வருகிறது என்பதை நினைவில் வைத்து, முல்ரனியில் சாப்பிட்டுவிட வேண்டும்.

தரை பெரும்பாலும் இறுக்கிய குவாரித் தூசி, இடையிடையே தார். 35 முதல் 40 மி.மீ. டயர் போதும், 75 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவில் வைக்கலாம். சாலை சைக்கிளின் 25 மி.மீ. டயரில் போக முடியாது என்றில்லை. மழைக்குப் பிறகு தூசி பசையாகி டயரைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். அந்தப் பசை செயினில் ஏறினால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஈரக்கால எண்ணெய்தான் போட வேண்டும், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பிறகு வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வெளியே மின்னினால் தூசிக்கு அழைப்பு வைத்த மாதிரி.

வழி விவசாயிகளின் நிலத்தில் அவர்கள் சம்மதத்தில் போகிறது. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும்; திறந்திருந்தால் அப்படியே விட வேண்டும். மாடு கடக்காமல் இருக்க இரும்புக் குழாய்களைக் குறுக்கே பதித்த இடங்கள் வரும். ஈரத்தில் அவை சோப்பு. வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் உருண்டு கடக்க வேண்டும். மேலே நின்றபடி திருப்பினாலோ பிரேக் பிடித்தாலோ முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். கிரீன்வேயில் பெரும்பாலான சிராய்ப்புகள் இந்த இரண்டு மீட்டரில்தான்.

முல்ரனிக்குக் கிழக்கே க்ளூ விரிகுடா விரிகிறது. பனியுகத்தில் பனியாறு விட்டுப்போன மண்மேடுகள் கடலில் மூழ்கித் தீவுகளாக நிற்கின்றன. கவிழ்த்த கரண்டிகளை வரிசையாக வைத்தது போல. தெற்கே க்ரோ பேட்ரிக் மலை, 764 மீட்டர். ஊர்க்காரர்கள் நாளுக்கு ஒரு தீவு, 365 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது.

இந்தத் தண்டவாளத்தில் வேறொரு கதையும் உண்டு. நெருப்பைக் கக்கும் வண்டி அக்கிலுக்கு முதல் நடையிலும் கடைசி நடையிலும் பிணம் சுமக்கும் என்று பழைய வாக்கு ஒன்று. 1894 ஜூனில் விரிகுடாவில் படகு கவிழ்ந்து இறந்த தீவுக்காரர்களை ஏற்றி வந்தது பாதை முறையாகத் திறக்கும் முன்பே ஓடிய ஒரு ரயில். 1937-இல் ஸ்காட்லாந்தின் கிர்க்கின்டில்லோக்கில் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போன இடத்தில் தீயில் கருகிய 10 பேரைக் கொண்டு வந்ததும் ரயில்தான். பாதை மூடும் தறுவாயில்.

செப்டம்பர் 10

இன்று சாலை ஓரமெல்லாம் முள். அயர்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டத் தடை, பறவைகள் கூடு கட்டும் காலம். செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் இறங்கிவிடும். கருமுள் எனப்படும் பிளாக்தார்ன் கிளை தாரில் கிடந்தால், முள் டயரைக் குத்தி உள்ளேயே முறிந்து நிற்கும். டியூப் மாற்றியும் பத்து நிமிடத்தில் மறுபடி காற்றுப் போவது இதனால்தான்: டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப் போட்டால் அதே முள் மறுபடி குத்தும். துணி ஒன்றை உள்ளே சுற்றி இழுத்தால், அது மாட்டும் இடத்தில் முள் இருக்கும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்ற வேண்டும்; பழையது காய்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் குலுக்கிப் பார்க்கலாம், உள்ளே தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும்.

செப்டம்பர் 12, கீம்

காற்று 3. தீவின் மேற்கு முனைக்கு ஏற்ற நாள்.

அக்கில் சவுண்டிலிருந்து கீல், டூவா வழியாகத் தார்ச்சாலை. டூவா தாண்டியதும் சாலை க்ரோகான் மலையின் விலாவில் ஏறுகிறது. இடப்பக்கம் நேரே கடல். காற்றில்லாத நாளிலும் மலை மடிப்பில் திரும்பும் இடங்களில் ஒரு உந்தல் வரும்; ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, சாலையின் நடுப்பக்கமாகப் போவது நல்லது. மீண்டும் வளைந்து இறங்கும்போது கீம் கடற்கரை குதிரை லாடம் போலக் கீழே தெரியும். அங்கே நின்று யோசிக்க வேண்டும்: வேறு வழி கிடையாது, இறங்கிய அளவு ஏறித்தான் திரும்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு இரண்டு மலை என்று கணக்கு வைக்கவும். மின்சைக்கிள் என்றால் டூவாவில் பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் இறங்க வேண்டாம்.

ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். தார் சூடு பிடித்து வைத்திருக்குமே. தாய் ஒருபக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி நிச்சயம் குறுக்கே ஓடும். மணியடித்தால் பயந்து எந்தப் பக்கமும் பாயும். நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, பேசிக்கொண்டே கடப்பதுதான் வழி.

செப்டம்பர் 13

அட்லாண்டிக் டிரைவ்: அக்கில் சவுண்டிலிருந்து தெற்கே கில்டாவ்னெட் கோபுரம், க்ளோமோர், பிறகு ஆஷ்லீம் கொண்டையூசி வளைவுகள். காலையில் தெற்கே எதிர்காற்றில் போய்விட்டால் க்ளோமோர் முனை தாண்டி வடக்கே முதுகில் தள்ளும்.

மாலையில் கழுவல். கடல் தூவல் பட்ட சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பீச்சாங்குழல் வேகத்தில் அடித்தால் உப்பு சக்கர மையத்தின் (ஹப்) பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாளியும் ஸ்பாஞ்சும் போதும். பெடலில் மாட்ட ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் திருகுகளுக்கு கிரீஸ். அவை துருப்பிடித்தால் அடுத்த வருடம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 16, கார்லிங்ஃபோர்ட்

மேற்குக் கரை முடிந்து கிழக்கு. கார்லிங்ஃபோர்ட்டிலிருந்து ஓமீத் வரை நீரோரமாகக் கிரீன்வே, ஏறத்தாழ 7 கி.மீ.; இதுவும் 1951-இல் மூடிய ரயில் பாதை. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதைவிட நல்ல பாதி நாள் கிடையாது. எதிர்க்கரை வட அயர்லாந்து. கிரீனோரிலிருந்து கிரீன்காசிலுக்குப் படகு போகிறது, சைக்கிளும் ஏற்றலாம். பருவத்துக்கேற்ப சேவை மாறும், அட்டவணை பார்க்காமல் துறையில் நிற்க வேண்டாம். இறங்கியதும் பலகைகள் மைலில் மாறும், கடையில் பவுண்டு. சைக்கிள் கணினி கி.மீ. காட்டிக்கொண்டே இருந்தால் பலகையைப் பார்த்து மிச்ச தூரத்தைக் குறைவாக எண்ணிவிடுவீர்கள்.

செப்டம்பர் 17, ராஸ்ட்ரெவர்

கில்ப்ரோனி பூங்காவின் மலை சைக்கிள் தடங்கள் 2013-இல் திறந்தவை. கடினமான சிவப்புத் தடம் 27 கி.மீ., அதைவிடக் கடினமான கருப்பு 19 கி.மீ., தவிர இரண்டு செங்குத்து இறக்கத் தடங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏற்றம் தொடங்குவதால் ஏறிய உயரம் அத்தனையும் இறக்கமாகத் திரும்பக் கிடைக்கிறது. மேலே வந்தால் கார்லிங்ஃபோர்ட் நீர்முகம் முழுவதும் காலடியில். மலைமேல் க்ளோமோர் என்ற ஒற்றைக் கிரானைட் பாறை நிற்கிறது, பனியாறு கொண்டு வந்து வைத்தது. ராட்சதன் எறிந்தான் என்பது ஊர்க்கதை. பெயருக்குப் 'பெரிய கல்' என்றே பொருள், அக்கிலில் கடந்த ஊருக்கும் அதே பெயர்.

டயர் 2.4 அங்குலம், 75 கிலோவுக்கு முன்னே 23, பின்னே 26 பி.எஸ்.ஐ. நீண்ட ஏற்றத்துக்காகக் காற்றைக் கூட்டிவிட்டு மேலே மறந்துவிடுகிறார்கள். 30-க்கு மேல் வைத்தால் ஈரக் கல்லில் டயர் துள்ளும். வேரைச் சாய்வாகக் கடக்கக் கூடாது. செங்கோணத்தில், பிரேக்கை விட்டு, எடையை இரு காலிலும் சமமாக வைத்து. பிரேக் எல்லாம் வேருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதல்முறை வருபவர்கள் கருப்புக்கு நேராகப் போகாமல் சிவப்பை ஒருமுறை முடிக்கட்டும். தடத்தின் கல் எப்படிப் பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

செப்டம்பர் 18

நேற்றைய மழையில் பின்பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்தது. கழற்றிப் பார்த்ததில் ரெசினால் ஆன பிரேக் பேட் அரை மி.மீ. கூட இல்லை. ஈரக் கல்பொடி ரெசினைத் தின்றுவிடும். இங்கே உலோகக் கலவை பேட்தான், கூட ஒரு ஜோடி பையில். ரோட்டரை (பேட் அழுத்திப் பிடிக்கும் உலோகத் தட்டு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கையால் தொடாமல் மாட்டி, பிஸ்டன்களைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் உள்ளே தள்ளி, பிறகு காலியான கார் நிறுத்துமிடத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடக்கும் வேகம் வரை இருபது தடவை பிடித்துப் பிடித்து விட வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. நின்ற இடத்தில் பேட் பொடி ரோட்டரில் ஒட்டி, அடுத்த இறக்கத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் லீவர் துடிக்கும்.